மறதிக்கு வயசு மட்டும்தான் காரணமா?

பௌர்ணமி இரவில் கிரிவலம் முடித்துவிட்டு, ஈசான்ய லிங்கத்தின் பக்கம் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தால் யாருக்கும் கால் வலிக்கும். வலிக்கிறது என்கிறவரைப் பற்றிக் கவலையில்லை. உள்ளங்காலில் கல் கிழித்து ரத்தம் வருவதைப் பேரன் காட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறாரே, அவரைப் பற்றித்தான் கவலை.

"பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது." "பாதம் திகுதிகுன்னு எரியுது." "முகம் கழுவக் கண்ணை மூடினா ஆளைத் தள்ளுது." திருவண்ணாமலை, போளூர், செங்கம் பக்கம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு புதிதல்ல. சர்க்கரை இருந்தால் 'சுகர் கால்' என்பார்கள். இல்லாவிட்டால் 'நரம்புத் தளர்ச்சி'. அதே வீட்டில், அதே மனிதரைப் பற்றி இன்னொரு குறையும் இருக்கும். காலையில் கேட்டதை மத்தியானம் மறுபடி கேட்கிறார். மாத்திரையைப் போட்டுவிட்டு, போடவில்லை என்று இன்னொன்றைப் பிரிக்கிறார். சீட்டுக் கணக்கை வாயாலேயே சொல்லிவந்த அம்மா, கடைக்காரர் கொடுத்த சில்லறையை மூன்று தடவை எண்ணுகிறார். இதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வயசாச்சில்ல?"

காலுக்கு டாக்டரைப் பார்க்கிறோம். மறதிக்கு யாரையும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கக்கூடும், அது ரத்தத்தில் ஒரு வைட்டமின் குறைந்திருப்பதாக இருக்கக்கூடும் என்பது நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த வைட்டமின் பி12.

மறதி நோய் எல்லாமே பி12 குறைவால் வருவதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அல்சைமர் போன்ற, இன்றுவரை முழுதாகக் குணப்படுத்த முடியாத நோய்கள். ஆனால் மறதியோடு வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் வேறாக இருக்கும்: மூளைத் தொற்று, மூளையில் நீர் கோத்தல், தைராய்டு குறைவு, மன அழுத்தம், பி12 பற்றாக்குறை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், மறதி நோய் என்று வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இப்படிச் சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தது. பி12 குறைவும் அதில் ஒன்று. அந்த ஐந்தில் ஒருவர் நம் அம்மாவாக இருக்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நரம்பின் மேல் உறை

நரம்புகளின் மேல் மையலின் என்கிற கொழுப்பு உறை உண்டு. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ அப்படி. பி12 போதாதபோது இந்த உறை பழுதாகிறது. உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதம் வரை போகிறவை என்பதால் முதல் புகார் பெரும்பாலும் காலிலிருந்து வருகிறது. பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தியை முதுகுத்தண்டு மூளைக்குச் சரியாக அனுப்புவதில்லை. கண் திறந்திருக்கும்வரை பார்வை அதை ஈடுகட்டுகிறது. கண்ணை மூடினாலோ, விளக்கு அணைந்தாலோ கால் தள்ளாடுகிறது. மூளைக்குள்ளும் இதே சேதம் நடக்கிறது. அங்கே அது மறதியாக, எரிச்சலாக, எதிலும் பிடிப்பில்லாத தன்மையாக, சிலருக்கு இல்லாததைப் பார்ப்பதாகவும் சந்தேகப் புத்தியாகவும் வெளிப்படுகிறது. மருமகளைச் சந்தேகப்படும் மாமியார் என்று நாம் பெயர் சூட்டிவிடுகிற சிலர் உண்மையில் நோயாளிகள்.

இந்தக் குறைவு ஒரே மாதத்தில் வருவதில்லை. அன்றாடத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கல்லீரலோ சில மில்லிகிராம் கையிருப்பு வைத்திருக்கிறது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஆகவே வரவு நின்றுபோனாலும் கையிருப்பு வருடக்கணக்கில் தாங்கும். 65 வயதில் தொடங்கிய பற்றாக்குறை 69 வயதில் தலைகாட்டும்போது, காரணத்தை உணவோடு யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை.

"ஹீமோகுளோபின் நல்லாத்தான் இருக்கு, சத்துக் குறைவெல்லாம் இல்லை" என்று நிம்மதியடைகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பி12 குறைந்தால் ரத்தசோகை வரும் என்பதுதான் பாடப்புத்தகம். 1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் லிண்டன்பாம் குழுவினர், பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையும் இல்லை, சிவப்பணுக்கள் பெருத்திருக்கவும் இல்லை. ரத்தம் தேறியிருக்கும்போதே நரம்பு கெடலாம்.

நம் வட்டாரம் உலகுக்குச் சொன்னது

பி12 பற்றி உலகம் தெரிந்துகொண்டதில் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. 1989-இல் தனி மாவட்டமாகும்வரை திருவண்ணாமலை வட ஆற்காட்டில் இருந்தது. அந்த மாவட்டத்தின் தலைநகரான வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும் வி.ஐ. மத்தானும் அவர்களோடு இருந்தவர்களும் பல ஆண்டுகள் இதையே தோண்டினார்கள்.

1962-இல் மாலதி ஜாதவ், ஜே.கே.ஜி. வெப், பேக்கர் முதலானோர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த சில கைக்குழந்தைகள். சிரித்துக்கொண்டு, தலை நிமிர்த்திக்கொண்டிருந்தவை மெல்ல மெல்ல மந்தமாகி, கற்றதை எல்லாம் இழந்துகொண்டிருந்தன. தோல் கறுத்தது. தாய்மார்களின் உடம்பிலேயே பி12 இல்லை, பாலில் எப்படி வரும்? பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறின. மூளைக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சிகள் மருத்துவ வரலாற்றில் குறைவு.

மறு வருடம், 1963-இல், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் பேக்கர் குழுவினர் எழுதியது இன்னும் எளிது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாத ஓர் அடையாளம்: தோல் கறுப்பது. கை விரல்களின் முட்டிகளிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் படியும் அந்தக் கறுப்பு, பி12 கொடுத்ததும் மெல்ல மறைந்தது. இன்று மாலை உங்கள் அம்மாவின் கையை எடுத்துப் பாருங்கள். விரல் முட்டிகள் முன்பைவிடக் கறுத்திருக்கின்றனவா? நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிகிறதா? இவை இருந்தாலே பி12 குறைவு என்று முடிவுகட்ட முடியாது. இவை இருந்தும் பரிசோதிக்காமல் இருப்பதுதான் தவறு.

1980-இல் இதே வேலூர்க் குழுவின் ஆல்பர்ட், மத்தான், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் வேறொரு புதிரை எடுத்தார்கள். இங்கே பாலும் முட்டையும் அதிகம் பார்க்காத பலரும் நன்றாக இருக்கிறார்களே, எப்படி? நம் மக்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களே பி12 உற்பத்தி செய்வதை அவர்கள் காட்டினார்கள். பி12 தயாரிக்கத் தெரிந்தது பாக்டீரியாவுக்கு மட்டும்தான். எந்தச் செடிக்கும் தெரியாது, எந்த விலங்குக்கும் தெரியாது. குடல் பாக்டீரியா எவ்வளவு உதவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை நம்பி உட்கார முடியாது. 2006-இல் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு, நடுத்தர வயது ஆண்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பி12 குறைவு என்று கண்டது. நகரத்து நடுத்தர வர்க்கத்தில் அது இன்னும் அதிகம்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் வழியில் கணியம்பாடி இருக்கிறது. முதியோரின் மறதி நோய் பற்றிய உலகளாவிய '10/66' ஆய்வுக்கு இந்தியக் கிராமப்புறத்தின் சார்பாக நின்றது இந்த வட்டாரம்தான். அதன் முடிவுகள் 2008-இல் வந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. வழக்கமான அமெரிக்க அளவுகோலின்படி கியூபாவில் 6.3 சதவீதம் இருந்த மறதி நோய், நம் கிராமங்களில் வெறும் 0.3 சதவீதம். நம் ஊர்க்காற்றின் மகிமை என்று பூரித்துப்போகத் தேவையில்லை. ஆய்வாளர்களே சொந்தமாக உருவாக்கிய அளவுகோலில் அது பல மடங்கு ஏறியது. வித்தியாசத்துக்கு அவர்கள் சொன்ன முக்கியமான காரணம், வீட்டார் சொல்வதில்லை என்பது. பெரியவரின் நினைவு மங்குவதைப் பிள்ளைகள் ஒரு குறையாகவே எடுத்துச் சொல்லவில்லை. "வயசாச்சில்ல?" என்ற அந்த ஒரு வாக்கியம் ஒரு நோயையே கணக்கிலிருந்து மறைத்துவிட்டது.

இலையில் என்ன இருக்கிறது?

அருணாசலேஸ்வரர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. கிரிவலப் பாதையில் ஆசிரமங்களும் தனியாரும் போடும் சாப்பாடு வேறு. காவி கட்டிய பெரியவர்கள், பிள்ளைகள் கைவிட்ட தாய்மார்கள், வீட்டை விட்டு வந்து மலையடியிலேயே தங்கிவிட்டவர்கள் என்று எத்தனையோ பேருக்கு வருடக்கணக்காக அதுதான் சோறு. பசித்தவருக்குச் சோறு போடும் இந்த ஊரின் தர்மத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த மரியாதையோடுதான் இலையை உற்றுப் பார்க்கச் சொல்கிறேன். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், கடைசியில் ஒரு கரண்டி மோர். அந்த இலையில் பி12 உள்ள பொருள் மோர் ஒன்றுதான். அதுவும் கூட்டம் ஏற ஏற நீர்மோராகிறது. மோர் தீர்ந்துவிட்டால் அன்றைய வரவு பூஜ்யம்.

ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகப் பி12 இருக்கும். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் சொச்சம். மத்தி மீனிலும் ஆட்டு ஈரலிலும் ஏராளம். அசைவம் சாப்பிடும் குடும்பம் என்பதால் குறைவு வராது என்றும் எண்ண வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பில் பாட்டியின் தட்டுக்கு வருவது குழம்புதான். பல் இல்லை, செரிக்காது என்று கறி பேரனுக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. அந்தப் பிள்ளையை வளர்க்கும் பாட்டிக்கு?

முருங்கைக்கீரையில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இரும்பு இருக்கிறது, ஃபோலேட் இருக்கிறது, பி12 இல்லை. ஸ்பைருலினா பாசியில் இருப்பதாக விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். சைவத்தை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடையில் விற்கும் பி12, பாக்டீரியாவைப் புளிக்கவைத்துத் தயாரிப்பது. மாமிசத்திலிருந்து எடுப்பதல்ல. கேப்ஸ்யூலின் கூடு மட்டும் ஜெலட்டினாக இருக்கலாம். மாத்திரையாகக் கேட்டு வாங்கினால் அந்தச் சங்கடமும் இல்லை.

வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாப்பிட்டதெல்லாம் ரத்தத்தில் சேராது. உணவில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிரிந்ததைக் கூட்டிக்கொண்டு போக இரைப்பையே சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். கடைசியாகச் சிறுகுடலின் கோடியில்தான் அது உள்ளே போகிறது. வயதாக ஆக இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறைகிறது. அதற்குமேல் தினமும் காலையில் 'கேஸ் மாத்திரை'. பான்டாப்ரசோலையும் ஒமிப்ரசோலையும் டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்திருப்பார். நம் ஆட்கள் பத்து வருடமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் இன்னொன்று. நல்ல மருந்து, மலிவான மருந்து, அதை நிறுத்தக் கூடாது. ஆனால் அது குடலில் பி12 சேர்வதைக் குறைக்கிறது. அமெரிக்காவில் நீண்ட காலம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பி12 குறைவுக்கான வாய்ப்பு 13 சதவீதம் கூடியது. 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்குக் குறைவின் அறிகுறி தெரிந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அவ்வப்போது பார்ப்பது நல்லது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இவர்களின் கால் எரிச்சலை 'சுகர் கால்' என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை போட்டால் நினைவு திரும்புமா?

இந்த இடத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். பி12 குறையும்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த சுதா சேஷாத்ரி, அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் முதியவர்கள் 1,092 பேரின் விவரத்தை ஆராய்ந்து 2002-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஹோமோசிஸ்டீன் 14-ஐத் தாண்டியவர்களுக்கு அல்சைமர் வரும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு. 2010-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் ஸ்மித் குழு, லேசான மறதி தொடங்கிய 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் பி12, ஃபோலிக் அமிலம், பி6 கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 சதவீதம் சுருங்கியது. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு 0.76 சதவீதம். ஹோமோசிஸ்டீன் அதிகமாக இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

அப்படியானால் எல்லோரும் சாப்பிடலாமே? கூடாது. 2014-இல் ராபர்ட் கிளார்க் தலைமையில் 11 ஆய்வுகளை, 22,000 பேரின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பி வைட்டமின்கள் முதியோரின் நினைவாற்றலைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் குறைவே இல்லை என்று ஸ்மித் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்? வைட்டமின் டி கதையும் இதேதான். அது மிகவும் குறைந்தவர்களுக்கு மறதி நோய் இரண்டு மடங்குக்கு மேல் வந்ததை 2014-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நினைவாற்றல் மேம்படவில்லை.

மறதி நோயைத் தடுக்க 14 விஷயங்களைக் கவனிக்கச் சொல்லும் 2024-ஆம் ஆண்டின் லான்செட் ஆணையப் பட்டியலில் பி12 இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால், காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை எல்லாம் இருக்கின்றன. காது மிஷினுக்கும் கண்புரை ஆபரேஷனுக்கும் செலவு செய்வது மூளைக்குச் செய்யும் செலவு. பி12 பரிசோதனை அவற்றோடு சேர வேண்டியது, அவற்றுக்கு மாற்று அல்ல.

எவ்வளவு இருந்தால் சரி என்பதிலும் இன்னும் விவாதம் ஓயவில்லை. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 200-லிருந்து 300 வரை சந்தேக எல்லை என்பது பொதுவான கணக்கு. 2025-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள், அளவு சரியாக இருந்த 231 ஆரோக்கியமான முதியவர்களைச் சோதித்தார்கள். உடம்பு பயன்படுத்தக்கூடிய வடிவில் பி12 குறைவாக இருந்தவர்களுக்கு மூளையின் வேகம் மந்தமாகவும், ஸ்கேனில் வெண்பகுதிச் சேதம் கூடுதலாகவும் இருந்தது. ஆகவே 220 என்று ரிப்போர்ட் வந்து, பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும், கால் மரத்து மறதியும் இருந்தால் டாக்டரிடம் மறுபடி பேசுங்கள். ஹோமோசிஸ்டீன் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். சோர்வாக இருக்கிறது என்று தெருமுனை கிளினிக்கில் 'சத்து ஊசி' போட்டுக்கொண்டு அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகாதீர்கள். பி12 சேர்ந்த ஊசி போட்டபின் ரிப்போர்ட்டில் எண் எகிறி நிற்கும், உண்மை மறைந்துவிடும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. அடுத்தது, பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தொடர்ந்து போடுவது. ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு சேதம் நடந்துகொண்டேயிருக்கும்.

குறைவு உறுதியானால் வைத்தியம் எளிது. நரம்பு பாதித்திருந்தால் தொடக்கத்தில் ஊசி. பிறகு பலருக்கு 1,000 மைக்ரோகிராம் அளவிலான மாத்திரையே போதும். இரைப்பை ஒத்துழைக்காவிட்டாலும் அதில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே உள்ளே போய்விடும், அன்றாடத் தேவைக்கு அது தாராளம். ஆனால் காலம் முக்கியம். சில மாதங்களில் கண்டுபிடித்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். வருடக்கணக்கில் விட்டவர்களுக்கு மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், போனது முழுதாகத் திரும்புவது அரிது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அருமையான திட்டம். அந்த வாசலிலேயே இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: "கால் மரத்துப்போகுதா? ஞாபகம் தவறுதா?" ஆமாம் என்கிறவர்களுக்கும், நான்கு ஆண்டுக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடும் முதியவர்களுக்கும் அரசு மருத்துவமனையிலேயே பி12 பரிசோதனை இலவசமாகக் கிடைக்கும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். தனியார் ஆய்வகங்களில் இதற்குப் பல நூறு ரூபாய் ஆகிறது, அன்னதான வரிசையில் நிற்பவரால் அதைக் கொடுக்க முடியாது. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிரிவலப் பாதையில் வாழும் முதியவர்களிடமிருந்தே அவர்கள் தொடங்கலாம். அன்னதானம் செய்கிறவர்கள், மோரைக் கொஞ்சம் கெட்டியாக, இலைக்கு ஒரு டம்ளர் கொடுத்தால் அதுவும் பெரிய உதவி.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அடுத்த தடவை சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும்போது, "பி12-ம் பார்த்துடலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.